ஐயருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் முடிந்துவிடுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகர், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைத் தேவார வகுப்பு நடக்கும்போது கதவைச் சாத்திவைப்பது சரியா என்று கேட்டிருந்தார். "திறந்தே இருக்கட்டும், தேவாரம் தெருவில் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை" என்று எழுதினேன். அந்த ஒரு வரி எங்கெங்கோ போய்த் தைத்திருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததைச் சொல்கின்றன. ஆகவே ஆடிக் கூழ், பிள்ளைகள் தமிழ் பேசாத குறை, மாமியார் வழக்கு எல்லாவற்றையும் இந்த முறை ஒத்திவைத்துவிட்டேன்.

புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் குழந்தைகள் நலப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற சமூக சேவகி. கோயில் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கத்து நாற்காலியும் எனக்குப் பழக்கம். கடிதம் எழுதியவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 13 வயது. கோயிலில் தேவாரம் கற்றுக்கொள்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருக்கும் ஐயர், வகுப்பு முடிந்த பிறகு தன்னை மட்டும் நிறுத்திவைத்துத் தொடக்கூடாத இடத்தில் தொட்டதாக என்னிடம் சொல்லி அழுதாள். அண்ணன் கமிட்டியிடம் போனார். "காவடி நெருங்குகிறது, கோயில் பெயர் கெட்டுப்போகும். அவருடைய பெர்மிட் மார்ச்சோடு முடிகிறது, டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். பெண் பிள்ளை விஷயம், போலீஸ் எதற்கு?" என்றார்களாம். அண்ணனும் அண்ணியும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அத்தையாகிய நான் இதில் தலையிடலாமா?
— பெயர் வேண்டாம், ஃபீனிக்ஸ்

பதில்: தலையிடாவிட்டால் சட்டம் உங்கள் மேல் பாயும், அம்மா. 2007ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தில் 54ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்த எவரும் உடனே போலீசிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்கு அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை. அந்த 'எவரும்' என்பதற்குள் நீங்கள், அண்ணன், அண்ணி, கமிட்டித் தலைவர், பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டே காதில் வாங்கிய பொருளாளர் எல்லோரும் அடக்கம். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 110ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆசிரியர், மருத்துவர், செவிலியர் என்று நீளும் அதன் பட்டியலில் மதகுருவும் மதத் தலைவரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நியாயமான காரணத்தோடு சந்தேகம் வந்தாலே அவர்கள் தெரிவிக்க வேண்டும்; நிரூபணம் கையில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கென்று 'படிவம் 22' இருக்கிறது. சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, போலீசிடமோ அதைக் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாதபடி அதே பிரிவு உங்களுக்குக் குடை பிடிக்கிறது. கமிட்டியில் யாராவது "கேஸ் போடுவோம்" என்று மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

அண்ணன் தலையாட்டிவிட்டதாகச் சொல்கிறீர்கள். இது அண்ணன் விட்டுக்கொடுக்கக்கூடிய காணித் தகராறு இல்லை. வழக்கை நடத்துவதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். பணமோ வேறு எதுவோ வாங்கிக்கொண்டு குற்றத்தை மறைக்கச் சம்மதிப்பது நம் நாட்டில் தனியாகவே ஒரு குற்றம்.

அந்த விமான டிக்கெட்டுக்கு வருகிறேன். எலியைப் பிடித்து அடுத்த வீட்டு வேலிக்குள் விட்டுவிட்டு, நம் வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? அந்த ஐயர் ஊரில் இறங்குவார். சில மாதத்தில் இன்னொரு கோயிலுக்கு, மொரீஷியஸோ மலேசியாவோ, போவார். கையில் நம் கமிட்டி கொடுத்த நற்சான்றிதழ் இருக்கும். அங்கேயும் சனிக்கிழமை வகுப்பு இருக்கும். இந்தியாவுக்கும் நமக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் புகாரே இல்லாத ஓர் ஆளை யார் யாரிடம் ஒப்படைப்பது?

இது நம்மவர் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. ஜான் ஸ்மைத் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த பையன்களைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து இரத்தம் வரப் பிரம்பால் அடித்தார். 1982-லேயே அதைப் பற்றி ஓர் உள் அறிக்கை எழுதப்பட்டது. அறிக்கையைப் படித்தவர்கள் அதை மூடிவைத்தார்கள். ஆள் நாட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தார்கள். 1984-ல் அவர் ஜிம்பாப்வேக்குப் போனார். அங்கேயும் முகாம் நடத்தினார். 1992-ல் அந்த முகாம் ஒன்றில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தான். 2001-ல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார், அதுவும் முதலில் நம் டர்பனுக்கு. 2013-ல் இங்கிலாந்திலிருந்து கேப்டவுன் ஆங்கிலிக்கன் சபைக்கு எச்சரிக்கை வந்தும், 2018-ல் கேப்டவுனில் இறக்கும்வரை ஒரு நாளும் அவர் இங்கே கூண்டில் ஏறவில்லை. 2024 நவம்பரில் இதைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியானபோது, ஆங்கிலிக்கன் சபையின் தலைவரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியில் இங்குள்ள விசாரணைக் குழு, தென்னாப்பிரிக்க சபையும் தன் மக்களைக் காப்பதில் தவறியது என்று எழுதியது. ஒரு நாடு தள்ளிவிட்டதை இன்னொரு நாட்டுப் பையன்கள் வாங்கிக்கொண்டார்கள். உங்கள் கமிட்டியார் வாங்கப்போகும் டிக்கெட் இந்த வகை டிக்கெட்தான்.

இனி அந்தக் குழந்தை. கமிட்டி அவளை 'விசாரிக்க' அழைத்தால் அனுப்பாதீர்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு சிறுமி சொன்னதை இன்னும் மறக்கவில்லை. கோயில் சமையல்கட்டில் அண்டாக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மாமாக்கள், சித்தப்பாக்கள், வேட்டியும் திருநீறுமாக. ஒருவர், "எந்தக் கையால் தொட்டார்?" என்று கேட்டாராம். அவளுக்கு நினைவில்லை. "பார்த்தீர்களா?" என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினாராம். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வாயைத் திறக்கவில்லை, நீதிமன்றத்திலும் திறக்கவில்லை. கமிட்டி கேட்ட அந்த ஒரு கேள்வியோடு வழக்கு செத்துப்போனது.

நீங்களும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்ன நாளையும் நேரத்தையும் அவளுடைய வார்த்தைகளையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவள் ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். "தெரியாமல் கை பட்டிருக்கும்" என்று நாகரிகப்படுத்த வேண்டாம். ஐயர் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். பிறகு நேரே உங்கள் ஊர் மகாத்மா காந்தி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே துதுசேலா பராமரிப்பு மையம் இருக்கிறது, சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு ஆர். கே. கான் மருத்துவமனையில் இருக்கிறது. முன்பெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரில், கார் திருட்டுக்குப் புகார் எழுத வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த மையத்தில் செவிலியர், மருத்துவர், ஆலோசகர், வாக்குமூலம் எழுதும் போலீஸ் எல்லோரும் அவள் இருக்கும் அறைக்கு வருவார்கள். குழந்தைகளுக்கும் பாலியல் குற்றங்களுக்கும் என்றே போலீசில் தனிப் பிரிவு இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள். வழக்கு நடந்தால் அவள் வேறு அறையில் உட்கார்ந்து, கேமரா வழியாக, ஒரு இடையாள் மூலம் பதில் சொல்ல நீதிமன்றம் உத்தரவிட முடியும். ஐயரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பத்திரிகையில் அவள் பெயரும் வராது.

கடைசியாக, அண்ணியைத் திட்டாதீர்கள். அவர் பயந்துபோயிருக்கிறார். கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஒரு சிறுமியின் வார்த்தையை மட்டும் வைத்து, 20 வருடம் பூசை செய்தவரை நிறுத்திவைப்பது அநியாயம் இல்லையா? குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பதுதானே சட்டம்? எங்கள் கோயிலில் இரண்டு கோஷ்டி. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் யார் மேலாவது ஏதாவது சொல்வார்கள்.
— கமிட்டித் தலைவர், வெருளம்

பதில்: கோஷ்டிகளைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டுமா, ஐயா? உண்டியல் சாவிக்காக அண்ணன் தம்பி பேசாமல் போனதைப் பார்த்தவள் நான். பொய்ப் புகார் வரவே வராது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. இரண்டாகப் பிளந்த கமிட்டி இப்படி ஒரு விஷயத்தை விசாரித்தால் முடிவு என்னவாகும்? ஐயரைப் பிடித்தவர்கள் நிரபராதி என்பார்கள், பிடிக்காதவர்கள் குற்றவாளி என்பார்கள், குழந்தை சொன்னதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். உண்மையிலேயே அவர் நிரபராதியாக இருந்தால்கூட, உங்கள் கமிட்டி கொடுக்கும் சான்றிதழை ஊரில் யார் நம்புவார்? எதிர்க் கோஷ்டிக்காரனிடமிருந்து அவரைக் காப்பாற்றக்கூடியதும் வெளியார் செய்யும் விசாரணை ஒன்றுதான்.

நிரபராதி என்ற அனுமானம் தண்டனை கொடுக்கும் நீதிமன்றத்துக்கு உரியது. விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு ஒதுங்கியிருக்கச் சொல்வது தண்டனை ஆகாது. 2019-ல் நம் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு மதுபான நிறுவன ஊழியரின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முன்னெச்சரிக்கையாக நிறுத்திவைப்பதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்டே தீர வேண்டும் என்பதில்லை, நியாயமான காரணம் இருக்க வேண்டும், அவருக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடாது, அவ்வளவுதான். முழுச் சம்பளம் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பாதிப்பும் பெரும்பாலும் இல்லை. பீர்க் கம்பெனிக்குப் பொருந்துவது கோயிலுக்கும் பொருந்தும்.

ஒதுங்கியிருப்பது என்றால் உண்மையாக ஒதுங்கியிருப்பது. மண்டபச் சாவியும் கர்ப்பக்கிரகச் சாவியும் திரும்பி வர வேண்டும். வகுப்பு, வீட்டுப் பூசை, சங்கடஹர சதுர்த்தி எதுவும் கூடாது. அந்தக் குடும்பத்தோடு நேரிலோ ஆள் மூலமோ பேச்சே கூடாது. பக்கத்துக் கோயிலிலிருந்து ஒருவரை வரவழைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அபிஷேகம் சற்றுத் தாமதமானால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோயில் வளாகத்திலேயே அவருக்கு வீடு கொடுத்திருக்கிறீர்களா? நம் கோயில்கள் பலவற்றில் அப்படித்தான். அப்படியானால் வேறு இடத்தில் வாடகைக்கு வைத்துக்கொடுங்கள். அதைச் செய்யாமல் "நிறுத்திவைத்துவிட்டோம்" என்று சொல்வது வெறும் பேச்சு.

சபைக்கு இரண்டு வரி போதும்: ஒரு புகார் வந்தது, உரிய அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டோம், அது முடியும்வரை ஐயர் பணியில் இல்லை. "எங்களுக்கு அவர் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது" என்று மூன்றாவது வரி சேர்க்க உங்கள் பேனா துடிக்கும். அந்த வரியைச் சபையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குழந்தையும் படிக்கும். தனக்கு நடந்ததைச் சொல்லாமலே இருந்துவிடும். ஆறுதலுக்கு என்று மேடையேற்றி மாலை போடுவதும் வேண்டாம். அப்படிப் போடப்பட்ட ரோஜா மாலையின் புகைப்படத்தைக் கடிதத்தோடு சேர்த்தே ஒரு தாய் எனக்கு அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். சாமி சொத்தில் கைவைத்தவனையும் சாமி பிள்ளைகளிடம் வாலாட்டியவனையும் அம்மனே பார்த்துக்கொள்வாளே?
— டொங்காட் வாசகர்

பதில்: பழமொழியின் முதல் பாதியை ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள்? அரசன் அன்றே கொல்லட்டும். அம்மன் தன் வசதிப்படி நின்று வரட்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுக் கொல்லையில் ஒருவர் மாரியம்மனை வைத்து அருள்வாக்குச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நல்ல கூட்டம். கல்யாணம் ஆகாத பெண்களைத் 'தோஷம் கழிக்க' இரவில் தனியாக வரச் சொல்கிறார். ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாகப் பேச்சு வந்தபோது, "அது நான் இல்லை, என் மேல் வந்த சாமி" என்றாராம். என் மாமியாரும் அதை நம்புகிறார்.
— மெரிபேங்க்

பதில்: என் பாட்டியின் மேல் சாமி வந்து நான் பார்த்திருக்கிறேன், அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சாமி வேப்பிலை கேட்டது, மஞ்சள் தண்ணீர் கேட்டது, எல்லோர் முன்னாலும் கேட்டது. ஒரு பெண்ணை இரவில் தனியாக வரச் சொன்ன அம்மனை நான் கேள்விப்பட்டதில்லை. போலீஸ் கோப்பில் அம்மன் பெயரை எழுத இடமில்லை. அந்த ஆளின் அடையாள எண்ணைத்தான் எழுதுவார்கள்.

கொல்லைக் கோயில்களுக்குக் கமிட்டி கிடையாது, கணக்கு கிடையாது, தட்டிக்கேட்க ஒரு தலைவர்கூடக் கிடையாது. அதனால் அங்கே அயலாரின் கண் அதிகமாக வேண்டும். அந்தப் பெண் 18 வயதுக்கு மேற்பட்டவளானால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. நீங்கள் துணைக்குப் போகலாம். குறைந்த வயது என்றால் முதல் பதிலை மறுபடி படியுங்கள். மாமியாரிடம் வாதாடிப் பயனில்லை. "நாளைக்கு நம் வீட்டுப் பெண்ணைத் தனியாக அனுப்பட்டுமா, அத்தை?" என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: எனக்கு இப்போது 58 வயது. சிறுமியாக இருந்தபோது எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பலமுறை கெடுத்தார். அம்மாவிடம் சொன்னேன், அடித்தார். அந்தப் பெரியவருக்கு இப்போது 80க்கு மேல். அடுத்த மாதம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி விருது கொடுக்கப்போகிறார்கள், அழைப்பிதழ் என் வீட்டுக்கும் வந்திருக்கிறது. இவ்வளவு காலம் கழித்து வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள்? சட்டம்தான் கேட்குமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சட்டம் கேட்கும், அக்கா. முன்பு கற்பழிப்பு தவிர்த்த பல பாலியல் குற்றங்களுக்கு 20 ஆண்டு கழிந்தால் வழக்குப் போட முடியாது என்ற விதி இருந்தது. சிறு வயதில் தங்களைக் கெடுத்ததாக ஒரு பெரும் பணக்காரர் மேல் எட்டுப் பேர், நடுத்தர வயதுக்கு வந்த பிறகு, புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கில் 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை அடித்துத் தள்ளியது. வழக்கு முடியும் முன்பே அந்த ஆள் இறந்துபோனார். தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்காக நிற்கிறது. நாடாளுமன்றமும் 2020-ல் சட்டத்தைத் திருத்திவிட்டது.

இவ்வளவு காலம் கழித்தா என்று நீங்களே உங்களைக் குத்திக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஓர் அரச ஆணையம், பள்ளிகள், தேவாலயங்கள், விடுதிகள் என்று எல்லா நிறுவனங்களிலும் குழந்தைகளுக்கு நடந்ததை விசாரித்தது. தனியறையில் வந்து பேசியவர்கள் தமக்கு நடந்ததை முதன்முதலில் யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டு. அதே ஆணையம் நியூ சவுத் வேல்ஸில் மங்குரோவ் மவுண்டன் என்ற இடத்திலிருந்த சத்தியானந்த யோக ஆசிரமத்தையும் விசாரித்தது. காவி, மந்திரம், அதிகாலைத் தியானம் எல்லாம் உள்ள ஆசிரமம். 1970களிலும் 80களிலும் அங்கே வளர்ந்த குழந்தைகள், தலை நரைத்த பிறகு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து குருவின் பெயரைச் சொன்னார்கள். நம்பினார்கள். அறிக்கை அச்சில் இருக்கிறது.

புகார் கொடுங்கள் என்று உங்களைத் தள்ள எனக்கு உரிமை இல்லை. கொடுப்பதாக முடிவு செய்தால் தனியாகப் போகாதீர்கள். குறுக்கு விசாரணை கடுமையாக இருக்கும். பாதிரியார் டிமோத்தி ஒமொடோசோவின் பாலியல் குற்ற வழக்கை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2017-ல் கைது, 2018-ல் முதல் சாட்சியாக வந்த இளம்பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டு நாடே கொதித்தது, நீதிபதி விலகியதால் விசாரணை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, 2025 ஏப்ரலில் அவர் விடுதலை. அரசுத் தரப்பு வழக்கை நடத்திய விதத்தை நீதிபதியே குறை கூறினார். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நல்ல வழக்கறிஞரோடும் ஆலோசகரோடும் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விருது விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி நடந்ததைச் சொல்லலாம். அதற்குப் பிறகு பொன்னாடை போர்த்துவது அவர்கள் மனசாட்சியின் பாடு. அவர் இன்னும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாரா, பேரப் பிள்ளைகளோடு தனியே இருக்கிறாரா என்பது எனக்கு விருதைவிடப் பெரிய கேள்வி. அதையும் கடிதத்தில் கேளுங்கள். அழைப்பிதழைக் கிழிப்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். நான் என்றால் வைத்திருப்பேன். தேதியும் பெயரும் அச்சடித்த தாள் எதற்காவது உதவும்.

கேள்வி: எப்போதும் இந்துக் கோயில்களையே குறை சொல்கிறீர்களே, சர்ச்சுகளில் நடப்பது கண்ணில் படவில்லையா?
— லெனேசியா

பதில்: மேலே ஸ்மைத், ஒமொடோசோ இருவரையும் பார்த்திருப்பீர்கள், இருவரும் திருநீறு பூசியவர்கள் இல்லை. நம் பத்திரிகையை நம்மவர்கள் படிக்கிறார்கள், அதனால் நம் வீட்டு முற்றத்தைப் பெருக்குகிறேன். நம் முற்றத்திலும் குப்பைக்குக் குறைவில்லை. திருச்சி அருகே ஆசிரமம் வைத்திருந்த பிரேமானந்தாவை மறந்துவிட்டீர்களா? அடைக்கலம் தேடிவந்த ஈழத்துச் சிறுமிகள் அந்த ஆசிரமத்தில் இருந்தார்கள். 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2011-ல் கைதியாகவே இறந்தார். அதற்குப் பிறகும் வெளிநாட்டுப் பக்தர்கள் அவரைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஹரே கிருஷ்ணா இயக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய குருகுலங்களில் நடந்தது வெளியே வந்தபோது 1998-ல் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனி அலுவலகம் திறந்தார்கள். தாமதம்தான், குறைகளும் சொல்லப்பட்டன. ஆனால் நம் சங்கங்களில் எத்தனைக்கு அப்படி ஒரு மேசையாவது இருக்கிறது?

கேள்வி: பூசாரிகளுக்கும் பாதிரியார்களுக்கும் அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்தால் என்ன?
— சாட்ஸ்வொர்த்

பதில்: பண்பாட்டு, சமய, மொழிச் சமூகங்களின் உரிமை ஆணையம் 2017-ல் கிட்டத்தட்ட அதைத்தான் சிபாரிசு செய்தது. நாடாளுமன்றக் குழு ஏற்கவில்லை. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ், அத்துமீறுகிறவனுக்கு இன்னொரு மரியாதையைத்தான் தரும். இருக்கும் சட்டத்தையே நாம் தொடவில்லையே. குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பானவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. பிள்ளைகளோடு பழகும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அதில் பார்க்க வேண்டும். உங்கள் கோயில் கடைசியாக எப்போது பார்த்தது என்று செயலாளரிடம் கேளுங்கள், முகத்தைக் கவனியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஐயர் அந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார். அதற்கு அவர் ஊர்ப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். அதோடு, அவர் கடைசியாகப் பூசை செய்த கோயிலுக்கு ஃபோன் போட்டு, "இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மந்திரம் சுத்தமாகச் சொல்வாரா என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துவிட்டால் வகுப்பே நடத்த முடியாதே, அம்மா?
— ஒரு இளம் ஆசிரியை

பதில்: நல்ல ஒழுங்கு இருந்தால் சந்தேகத்துக்கு வேலை இருக்காது, பாப்பா. ஆசிரியைகளையும் அது பொய்ப் பழியிலிருந்து காக்கும். பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் வகுப்பு இல்லை. சலங்கை கட்டுவதும் உடை மாற்றுவதும் பிள்ளைகளோ அவர்கள் அம்மாக்களோ பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும், ஐயர் உட்பட, அந்தப் பக்கம் வரக்கூடாது. ஒரு பிள்ளையை மட்டும் காரில் ஏற்றி வீட்டில் விடுவது கூடாது, மழை கொட்டினாலும். செய்தி அனுப்புவதானால் பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்புங்கள். சைல்ட்லைன் எண் 116 இலவசம்; அதைச் சுவரில், பிள்ளைகள் செருப்பு விடும் இடத்தில், அவர்கள் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். நன்கொடையாளர் பட்டியலுக்குப் பக்கத்தில் உயரத்தில் ஒட்டினால் நன்கொடையாளர்கள் மட்டுமே படிப்பார்கள்.

கேள்வி: இப்படி ஒரு புகாரைக் கமிட்டிக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தில் எழுதலாமா? பின்னால் எங்களுக்கே வினையாகாதா?
— உதவிச் செயலாளர், ஐசிப்பிங்கோ

பதில்: எழுதாமல் விட்டால்தான் வினை. குழந்தையின் பெயரோ அடையாளமோ வேண்டாம். புகார் எந்தத் தேதியில், யார் மூலம் கமிட்டிக்கு வந்தது, எந்தத் தேதியில் எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் அல்லது துறையில் தெரிவிக்கப்பட்டது, ஐயரிடமிருந்து சாவி எப்போது வாங்கப்பட்டது, கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், போலீசுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னார்களா, இவ்வளவும் இருக்கட்டும். படிவம் 22-இன் நகலைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். அந்தச் சாவி ஐயரிடமும் வேண்டாம், அவருடைய மைத்துனரான பொருளாளரிடமும் வேண்டாம். போலீஸ் உங்கள் தொலைபேசிக்கு வழக்கு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார்கள். அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி, கையெழுத்துப் போடுங்கள்.